டீசலில் பிறந்த தண்ணீர்: டர்பன் கன்டெய்னர் வண்டி ஒன்றில் கேட்ச் கேன் உறைந்துபோன நிகழ்வு

பின்னணி

நான் நாமக்கல்காரன். அங்கே 12 வருஷம் லாரிப் பட்டறைகளில் டீசல் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தேன். இப்போது டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் உள்ள ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. மொத்தம் நான்கு வண்டிகள். முதலாளியின் குடும்பம் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழியில் வந்தது. 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து ஆட்களை இங்கே கொண்டுவந்து இறக்கியதோடு தொடங்கிய வரலாறு அது. முதலாளிக்குத் தமிழ் புரியும், பேச வராது. அவருடைய அம்மா என்னோடு தமிழில்தான் பேசுவார். இந்த நிகழ்வில் வண்டி ஓட்டியவர் 61 வயது டிரைவர். அவர் பேசும் தமிழில் ஆங்கிலமும் ஜூலுவும் கலந்திருக்கும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பட்டறையில் என்னோடு இன்னொரு ஃபிட்டரும் உண்டு. ஜூலுக்காரர். முன்பு பல வருஷம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், குளிர்ப் பிரதேசத்தில் வேலை செய்தவர். இந்தக் கதையில் முடிச்சை அவிழ்த்தவர் அவர்தான்.

வண்டி, டிரெய்லர் இழுக்கும் முன்வண்டி. இங்கே எல்லாரும் அதை ‘ஹார்ஸ்’ என்பார்கள். 6 சிலிண்டர், 12 லிட்டர் டர்போ டீசல். ஈஜிஆர், அதாவது எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் அமைப்பு, கிடையாது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் புகை, அதை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் வழியாக, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் சேர்ந்து மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். அந்த பிரீதர் ஹோஸின் உள்விட்டம் 32 மில்லிமீட்டர். இந்த எண்ணுக்குப் பிறகு வேலை இருக்கிறது.

வண்டி ஓடிய விதத்தையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தின் கன்டெய்னர் முனையங்களுக்குப் போக பேஹெட் ரோடுதான் வழி. அங்கே லாரி வரிசை ஊர்ந்துதான் போகும். சில நாள் மூன்று மணி நேரம், சில நாள் ஐந்து. எஞ்சினை அணைக்கலாம் என்று பார்த்தால் நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி நீளம் நகர வேண்டியிருக்கும். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஜேக்கப்ஸுக்கோ பிராஸ்பெக்டனுக்கோ போய் இறக்கிவிட்டுத் திரும்பவும் வரிசை. ஆக, பெரும்பாலான நேரம் வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங், நடுநடுவே குறுகிய ஓட்டம். மாசத்துக்கு ஒருமுறைகூட நீண்ட ஏற்றம் கிடையாது.

ஏப்ரல்: கேன் வந்த கதை

ஏப்ரல் சர்வீஸில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் ஹோஸைக் கழற்றியபோது உள்ளேயிருந்து அரை டம்ளர் ஆயில் வழிந்தது. இவ்வளவு கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் இது பெரிய விஷயம் இல்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் எப்போதும் கீழே கசியும். அது ஆயில் துளிகளைத் தூக்கிக்கொண்டு பிரீதர் வழியாக வரும், டர்போவும் இண்டர்கூலரும் நனையும். ஆனால் முதலாளி அதைப் பார்த்துப் பதறிவிட்டார். அவருடைய நண்பர்கள் ‘பக்கி’ வைத்திருப்பவர்கள். பிக்கப்புக்கு இந்த ஊர்ப் பெயர் பக்கி. அவர்கள் எல்லாரும் தங்கள் டீசல் பக்கிகளில் கேட்ச் கேன் மாட்டியிருக்கிறார்கள். இவரும் கடையில் ஒரு கிட் வாங்கிவந்தார்.

கேட்ச் கேன் என்றால் பிரீதர் ஹோஸுக்கு நடுவில் வைக்கும் ஒரு டப்பா, அவ்வளவுதான். உள்ளே தடுப்புத் தகடோ கம்பி வலையோ இருக்கும். புகை அதில் மோதித் திரும்பும்போது ஆயில் துளிகளும் நீராவியும் டப்பாவின் குளிர்ந்த சுவரில் படிந்து கீழே இறங்கும். மிச்சக் காற்று மேலே போகும். அடியில் ஒரு குழாய்த் திருகு, திறந்தால் வடியும்.

முதலாளியின் மருமகன்தான் மாட்டினான். கெட்டிக்காரப் பையன், ஆனால் அவன் பழகியது பக்கிகளில். கிட்டிலிருந்த ஹோஸ் 19 மில்லிமீட்டர். 32-லிருந்து 19-க்கு இறக்க இரண்டு பக்கமும் ரெட்யூசர் போட்டான். எஞ்சின் பக்கத்தில் இடம் இல்லை என்று கேனை முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டர் ஓரமாக ஒரு பிராக்கெட்டில் தொங்கவிட்டான். பிரீதரிலிருந்து அங்கே போகும் ஹோஸ் முதலில் கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏறி, கேனின் தலைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. வயிறு தள்ளிய ஹோஸ்.

நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் நின்றும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி வீட்டுப் பையன் ஆசையாகச் செய்த வேலை, அதில் போய்க் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். அதோடு, விட்டத்தைக் குறைத்தால் குழாயின் பரப்பு எவ்வளவு குறையும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவும் இல்லை. 32-க்கும் 19-க்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பரப்பில் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

மே, ஜூன்: கேனில் மோர்

கேனை வெள்ளிக்கிழமைதோறும் வடிப்பது என்று ஏற்பாடு. முதல் வாரமே கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஆயில் என்று சொல்ல முடியாது. காபியில் பாலை அதிகமாக ஊற்றிய நிறம். ஒரு பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் பிடித்துப் பட்டறை ஜன்னலில் வைத்தோம். இரண்டு நாளில் பிரிந்து நின்றது. மேலே விரல் தடிமனுக்குக் கறுப்பு ஆயில், நடுவில் வெண்ணெய் மாதிரி ஒரு படலம், கீழே முக்கால் பாட்டில் கலங்கல் தண்ணீர்.

ஜூன் நடுவில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் அதே வெண்ணெய் ஒட்டியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாமக்கல்லில் நான் பழகிய பாடம் ஒன்றே ஒன்று: ஆயில் பால் மாதிரி ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட், லைனர் ஓ-ரிங், ஆயில் கூலர், இந்த மூன்றில் ஒன்று. அங்கே வெயிலில் எஞ்சின் ஆறுவதே இல்லை. காற்றிலிருந்து ஈரம் படிந்து ஆயில் கெட்டதை நான் கண்ணால் கண்டதில்லை. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டும் என்றுதான் முதலாளியிடம் முதலில் சொன்னேன்.

இறக்கவில்லை. அதற்கு என் புத்திசாலித்தனம் காரணம் இல்லை. அந்த வாரம் வண்டிக்கு லோடு நிறைய இருந்தது, முதலாளி நேரம் கேட்டார். அந்த இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சோதித்தோம்.

கூலண்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீர், நிற்கும் டேங்கில் மட்டத்துக்கு நேராக டேப் ஒட்டினோம். பத்து நாள் கழித்தும் மட்டம் டேப்பிலேயே நின்றது. கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பில் 1 பார் அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க விட்டோம், முள் அசையவில்லை. ரேடியேட்டர் வாயில் நீல மருந்துச் சோதனை செய்தோம். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் நிறம் மாற வேண்டும், நீலம் நீலமாகவே இருந்தது. எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பிலிருந்து எடுத்த ஆயிலில் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டபோது படபடவென்று பொரிந்தது. தண்ணீர் இருப்பது உறுதி. கடைசியாக ஆயில் மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். தண்ணீர் உண்டு, கொஞ்சம் டீசலும் கலந்திருக்கிறது, ஆனால் கூலண்டின் அடையாளமான சோடியமும் பொட்டாசியமும் ஏறவில்லை என்று அறிக்கை வந்தது.

கூலண்ட் இல்லாத தண்ணீர். அப்படியானால் எங்கிருந்து வந்தது?

டீசலிலிருந்து. டீசலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் ஆகும். 1 லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர், ஆவியாக. இதுபோன்ற எஞ்சின் ஐடிலில் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். பேஹெட் ரோட்டில் நாலு மணி நேரம் நின்றால் ஒரு வாளி தண்ணீர் உருவாகிறது என்று அர்த்தம். நூற்றில் 99 பங்கு சைலன்சர் வழியாகப் போய்விட்டாலும், ரிங்குகளைத் தாண்டும் கொஞ்சம் கிராங்க்கேஸுக்குள் வருகிறது. ஆயில் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டில் ஒரு மணி நேரமாவது இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி பிரீதர் வழியே வெளியேறிவிடும். எங்கள் வண்டியின் ஆயில் அந்தச் சூட்டைக் காண்பதே இல்லை. டர்பனின் கடற்காற்று ஈரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தது.

இங்கே பம்புகளில் 50 பிபிஎம், 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று கந்தக அளவு வேறுபட்ட இரண்டு வகை டீசல் கிடைக்கும். நாங்கள் போட்டது விலை குறைந்த 500. கந்தகம் எரிந்து வரும் வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். ஆயிலில் உள்ள கார மருந்து அதைச் சமாளித்துச் சமாளித்துத் தீர்ந்துபோகும். அந்த அறிக்கையில் அதுவும் இறங்கியிருந்தது.

எடுத்த முடிவு: ஹெட்டைத் தொட வேண்டாம். ஆயிலை அடுத்த சர்வீஸில் மாற்றலாம். கேனை வாரம் ஒருமுறைக்குப் பதில் இரண்டு முறை வடிக்கலாம். இந்த முடிவில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில், நோயின் அறிகுறியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் ஏன் சூடேறவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். டெம்பரேச்சர் முள் எப்போதும் 65, 70 பக்கத்திலேயே நின்றதை அண்ணன் ஒருமுறை சொல்லியும் இருக்கிறார். “குளிர்காலம்தானே அண்ணா” என்று பதில் சொன்னது நான்தான். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம்.

ஜூலை: ஹாரிஸ்மித் லோடு

ஜூலை இரண்டாம் வாரம், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் உள்ள ஹாரிஸ்மித்துக்கு ஒரு கன்டெய்னர். டர்பனிலிருந்து N3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி வான் ரீனன் கணவாயைத் தாண்டும்போது 1,600 மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். நிறை லோடு, நெடுக ஏற்றம். அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு அந்த எஞ்சினின் ஆயில் உண்மையிலேயே சுட்டது.

அதாவது, வாரக்கணக்கில் ஆயிலில் சேர்ந்திருந்த தண்ணீர் முழுக்க அந்த ஒரே ஏற்றத்தில் ஆவியாகி பிரீதருக்கு வந்தது. அது போன வழியோ, பம்பருக்குப் பின்னால் எதிர்காற்றில் குளிர்ந்துகொண்டிருந்த கேன். அந்த வாரம் வடித்துக் காலியாக அனுப்பிய கேன், ஹாரிஸ்மித் போய்ச் சேருவதற்குள் நிறைந்துவிட்டது. ஹோஸின் வயிற்றிலும் தண்ணீர் தேங்கியது. ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்துப் புரிந்துகொண்டது. அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அண்ணன் சாயங்காலம் சரக்கை இறக்கிவிட்டு, லாரிகள் தங்கும் இடத்தில் வண்டிக்குள்ளேயே படுத்தார். ஜூலை ராத்திரியில் ஹாரிஸ்மித்தில் தண்ணீர் உறைவது சாதாரணம். விடிகாலை நாலரைக்கு எழுந்தபோது கண்ணாடியில் உறைபனி. பழைய வங்கி அட்டையால் சுரண்டிவிட்டுக் கிளம்பினார். காலி கன்டெய்னரோடு டர்பன் நோக்கி.

கால் மணி நேரத்தில் கேபினுக்குள் எரிந்த ஆயில் நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் ஒரு நொடி தயங்கியது என்று அப்புறம் சொன்னார். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஓரம் கட்டி உடனே அணைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் அதன் குழாயிலிருந்து ஒரு சாண் வெளியே எழும்பி நிற்கிறது. எஞ்சினின் ஒரு பக்கம் முழுக்க ஆயில். கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் அணைத்தது மிகச் சரியான காரியம். டர்போ வழியாக ஆயில் காற்றுக் குழாய்க்குள் போனால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து ஓட ஆரம்பிக்கும். அந்த நிலை முற்றினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போய் எஞ்சின் வெடிக்கும். காற்று வழியை அடைத்தால்தான் நிறுத்த முடியும். இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் வான் ரீனன் இறக்கம். அந்த இறக்கத்தில் எஞ்சின் பேச்சைக் கேட்காத வண்டியை நினைத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

தொலைபேசியில் எடுத்த முடிவுகள்

ஐந்தரைக்கு எனக்கு அழைப்பு. “தம்பி, டர்போ போச்சு போல” என்றார். கேட்டதை வைத்து நானும் அப்படித்தான் நினைத்தேன். நீலப் புகை, ஆயில் நாற்றம், டர்போ சீல் போயிருக்கும். டிப்ஸ்டிக் எழும்பியதையும் சொன்னார். அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஏழு மணிக்கு அந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, டர்போ மாற்ற வேண்டும், எஞ்சினின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் பின் மெயின் சீலும் போய்விட்டது, வண்டியை இழுத்துப்போக வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். முதலாளி போனில் சரி சொல்ல இருந்தார். அந்த நேரத்தில் ஜூலு ஃபிட்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “ராத்திரி உறைபனி விழுந்ததா?” விழுந்தது என்றேன். “அப்படியானால் யாரும் எதையும் கழற்ற வேண்டாம். நாம் போய்ப் பார்ப்போம்.”

முதலாளியிடம் நாலு மணி நேரம் கேட்டோம். காரணம் இரண்டு சொன்னேன். ஒன்று, டர்போ நேற்று மாலை வரை ஏற்றத்தில் ஒழுங்காக ஓடியிருக்கிறது, ராத்திரி நின்ற இடத்தில் சீல் போக வழியில்லை. இரண்டு, டர்போ சீலும் பின் மெயின் சீலும் டிப்ஸ்டிக்கும் ஒரே நாள் காலையில் சேர்ந்து கெடுவது எனக்கு இடிக்கிறது. மூன்றுக்கும் பொதுவானது கிராங்க்கேஸ். இந்த இரண்டாவது காரணம், உண்மையில் ஃபிட்டர் கேட்ட பிறகுதான் எனக்குத் தோன்றியது.

சம்பவ இடத்தில் கண்டது

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் வந்துவிட்டது. ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து நாலு லிட்டர் ஊற்றி, காற்றுக் குழாயை அடைக்க ஒரு பலகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தோம். கொஞ்ச நேரம் புகை வந்தது, அப்புறம் குறைந்துகொண்டே போனது. டிப்ஸ்டிக் எழும்பவில்லை. அண்ணன் முகத்தில் ஒரு மாதிரி குழப்பம், தான் பொய் சொன்னதாக நினைத்துவிடுவார்களோ என்று.

ஃபிட்டர் எதுவும் பேசாமல் பம்பருக்கு அடியில் குனிந்தார். கேனின் வெயில் படாத பக்கத்தில் கையை வைத்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். ஐஸ்பெட்டி. வடிதிருகைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. ஸ்பானரால் தட்டியதும் சேறு மாதிரி ஐஸ் கூழ் கொஞ்சம் வந்து விழுந்தது. ஹோஸின் வயிற்றுப் பகுதியை அறுத்தோம். உள்ளே கட்டை விரல் நீளத்துக்கு ஒரு ஐஸ் துண்டு. மங்கிய வெள்ளை, ஓரமெல்லாம் கரைந்து சுற்றிலும் வழி விட்டிருந்தது. விடிகாலையில் அது ஹோஸை இறுக அடைத்திருக்கும். உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். டர்போ ஆர்டர் நின்றது.

நடந்தது இதுதான். பிரீதர் அடைத்ததும் ரிங்குகளைத் தாண்டி வரும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை, கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறியது. டர்போவுக்குப் போகும் ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகும், ஆனால் திரும்பி வருவது தானாகக் கீழே வழிந்துதான். கீழே அழுத்தம் இருந்தால் ஆயில் வழியாமல் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கமும் சைலன்சர் பக்கமும் கசியும். நல்ல டர்போவும் கெட்ட டர்போ போலவே நடிக்கும். மிச்ச அழுத்தம் டிப்ஸ்டிக்கைத் தள்ளியது, பின் மெயின் சீலைக் கசியவிட்டது. எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகாதா என்று கேட்கலாம். அடைத்துவிட்ட ஹோஸில் சூடான வாயு ஓடவே முடியாது, வெளியிலோ எதிர்காற்று. எதிர்காற்று நின்று வெயில் ஏறிய பிறகுதான் உருகியது.

டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றிச் சுழலியை விரலால் ஆட்டிப் பார்த்தோம். ஆட்டம் இயல்பான அளவு, இறக்கைகளில் உரசல் இல்லை. இண்டர்கூலரிலிருந்து தேங்கிய ஆயிலை வடித்தோம். இதை விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து வேகம் கொடுத்தால் அந்த ஆயிலே எஞ்சினை ஓட்டிவிடும். கேனை முழுசாகக் கழற்றி, பிரீதரிலிருந்து ஒரு ஹோஸை நேராகக் கீழே தொங்கவிட்டுச் சட்டத்தில் கட்டினோம். காற்றுக் குழாயில் பிரீதர் சேரும் ஓட்டையை மரக்கட்டையும் கிளாம்ப்பும் வைத்து அடைத்தோம். திறந்தே விட்டால் ஃபில்டர் செய்யாத தூசி நேரே டர்போவுக்குப் போகும். காலி வண்டி, மெதுவாக, நாங்கள் பின்னால். ராத்திரி டர்பன்.

பட்டறையில் தொடர்ந்த வேலை

மறுநாள் முதலில் அளவு எடுத்தோம். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு நிப்பிள் வைத்து, அதிலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பலகையில் கட்டித் தண்ணீர் ஊற்றினோம். கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. கம்பெனியின் ஒரிஜினல் 32 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டி முழு வேகத்துக்கு ஏற்றினால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் 3 சென்டிமீட்டர். அந்த பக்கி கிட்டை வெறுமையாக, ஐஸ் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் மாட்டிப் பார்த்தால் 14. ஐஸ் வந்தது கடைசி அடி மட்டும். ஏப்ரல் முதலே அந்த எஞ்சின் மூக்கைப் பாதி பொத்திக்கொண்டுதான் ஓடியிருக்கிறது.

அப்புறம் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்க வேண்டிய வால்வு அது. கழற்றியதும் தெரிந்தது, மூடவே இல்லை. வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவில் பழைய சிலிகான் பேஸ்ட்டின் ஒரு சுருள், பல்லிடுக்கில் மாட்டிய கறிவேப்பிலை மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வண்டிக்கு வாட்டர் பம்ப் மாற்றியது நான். பேஸ்ட்டைத் தாராளமாகப் போட்டதும் நானாகத்தான் இருக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னேன். அவர் அம்மா பக்கத்தில் இருந்தார். “கை இருக்கிறவனுக்குத்தான் காயம், போய் வேலையைப் பாரு” என்று முடித்துவிட்டார்.

புதிய தெர்மோஸ்டாட்டைச் சமையல் பாத்திரத்தில் தண்ணீரோடு காய்ச்சி, அதில் அச்சிட்டிருந்த 83 டிகிரியில் திறக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மாட்டினோம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். பின் மெயின் சீலை உடனே மாற்றவில்லை. அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அழுத்தம் போனதும் கசிவு நிற்கிறதா என்று இரண்டு வாரம் பார்க்கலாம் என்று முடிவு. பெருமளவு நின்றது, ஈரப்பசை மட்டும் மிச்சம்.

கேன் வேண்டுமா, வேண்டாமா?

இதில் முதலாளிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு, இன்றும் உண்டு. என் எண்ணம்: ஒரிஜினல் அமைப்பே போதும். இண்டர்கூலரில் அரை டம்ளர் ஆயில் இருந்ததால் வண்டி நின்றதில்லை. அதைத் தடுக்கப் போனதால்தான் நின்றது. அவர் எண்ணம்: கேன் இல்லாவிட்டால் தண்ணீர் சேர்ந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. மறுக்க முடியவில்லை. அந்தப் பாட்டில் ஜன்னலில் இல்லாவிட்டால் நான் ஹெட்டைத்தான் இறக்கியிருப்பேன், அல்லது எதையுமே கவனித்திருக்க மாட்டேன்.

கடைசியில் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் போட்டோம். கனரக எஞ்சினுக்கான பெரிய கேன், வாய் 32 மில்லிமீட்டர். வலை அடைத்தால் தானாகத் திறந்து அழுத்தத்தை வெளியே விடும் பைபாஸ் வால்வு உள்ளது. எஞ்சினுக்குப் பின்னால், சைலன்சர் சூடு லேசாகப் படும் இடத்தில் வைத்தோம். பிரீதரிலிருந்து கேன் வரை ஹோஸ் ஒரே சரிவு, எங்கேயும் வயிறு கிடையாது. மருமகனே மறுபடி மாட்டினான். கோலியுருண்டை ஒன்றை ஹோஸுக்குள் போட்டு, மறுமுனையில் வந்து விழுகிறதா என்று அவனே சோதித்தான். எனக்குத் தோன்றாத யோசனை.

விளைவு

தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு முள் 80-க்கு மேல் நிற்கிறது. யு குழாயில் புதிய கேனோடு 4 சென்டிமீட்டர். கேனில் முன்பு வாரத்துக்குக் கால் லிட்டர் பக்கம் வந்தது, ஆகஸ்டில் ஒரு டீ கிளாஸில் பாதிக்கும் குறைவு. அதில் தண்ணீரைவிட ஆயில்தான் அதிகம். மூடியில் வெண்ணெய் இல்லை. செப்டம்பரில் எடுத்த ஆயில் மாதிரியில் தண்ணீர் இல்லை என்று வந்தது. டீசலை 50 பிபிஎம்முக்கு மாற்றிவிட்டோம்.

பேஹெட் ரோட்டு வரிசையை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வாரத்தில் ஒரு லோடாவது கேட்டோ ரிட்ஜ் பக்கம் ஏற்றத்தில் போகும்படி நான்கு வண்டிகளுக்கும் முறை மாற்றி அனுப்புகிறோம். ஆயில் நன்றாகச் சூடேற அந்த ஏற்றம் போதுமானது.

மறுபடி செய்ய நேர்ந்தால்

கேனில் தண்ணீர் கண்ட முதல் வெள்ளிக்கிழமையே டெம்பரேச்சர் முள்ளைப் பார்ப்பேன். தெர்மோஸ்டாட் ஒரு மணி நேர வேலை. நான் பத்து நாள் கூலண்டைத் துரத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனைகள் வீண் என்று சொல்லவில்லை, வரிசைதான் தலைகீழ்.

பிரீதரில் எதை மாட்டினாலும், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் யு குழாயில் அளவெடுப்பேன். ஏப்ரலில் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் 14 சென்டிமீட்டர் அன்றைக்கே தெரிந்திருக்கும், முதலாளி வீட்டுப் பையனிடம் நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. தண்ணீரே சொல்லியிருக்கும்.

குளிர்ப் பிரதேசத்துக்குப் போகும் வண்டியின் கேனைக் கிளம்பும்போது வடித்தால் போதாது, போய்ச் சேர்ந்த இடத்தில் எஞ்சின் ஆறுவதற்குள் வடிக்க வேண்டும். இதை அண்ணனே வழக்கமாக்கிக்கொண்டார். டிப்ஸ்டிக் எழும்பியது என்று டிரைவர் சொன்னால் வேறு எதையும் கேட்பதற்கு முன் பிரீதரைக் கேட்பது என்று நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

பின் மெயின் சீல் இன்னும் பழையதுதான். அடுத்து கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது அதையும் மாற்றுவதாக ஏற்பாடு. அதுவரை அண்ணன் வண்டி நிறுத்தும் இடத்தில் அடியில் ஒரு அட்டையைப் போட்டுவிட்டு, காலையில் எத்தனை சொட்டு என்று எண்ணி எழுதிவைக்கிறார். நேற்று இரண்டு.